அகற்ற இயலாத ஆபத்துகள்: அமெரிக்கத் தேசியப் பூங்காக்களில் பணிப் பாதுகாப்பு

அமெரிக்காவின் தேசியப் பூங்காச் சேவையைத் தோற்றுவித்த சட்டம் 1916 ஆகஸ்ட் 25 அன்று கையெழுத்தானது. பணியின்போது காயமுறும் கூட்டரசு ஊழியர்களுக்கும், பணியில் உயிரிழப்போரின் குடும்பத்தினருக்கும் இழப்பீடு வழங்க வகைசெய்யும் சட்டம் அதே ஆண்டு செப்டம்பர் 7 அன்று கையெழுத்தானது. இரு வார இடைவெளிக்குள் பிறந்த இச்சட்டங்களுள் முதலாவது, இயற்கைக் காட்சிகளையும் காட்டுயிர்களையும் வரலாற்றுச் சின்னங்களையும் சிதைவின்றி அடுத்த தலைமுறையிடம் ஒப்படைக்க வேண்டும் என்கிறது. இரண்டாவது, ஊழியரின் உடலுக்கு நேரும் தீங்குக்கு அரசே பொறுப்பேற்க வேண்டும் என்கிறது. தொழிற்சாலை ஒன்றில் ஆபத்தான எந்திரத்தை அப்புறப்படுத்தினால் வருந்துவார் எவரும் இலர். தேசியப் பூங்காவிலோ பள்ளத்தாக்கின் செங்குத்து விளிம்பும், கரடியும், கொதிநீர் ஊற்றும், எரிமலை வாயும் காக்கப்பட வேண்டியவையாகவும் ஆளைக் கொல்ல வல்லவையாகவும் ஒருசேர இருக்கின்றன. இவற்றின் நடுவே வேலை செய்வோர் மாலையில் முழு உடலோடு வீடு திரும்ப வழிவகுக்கும் பொறுப்பை ஏற்றிருப்பவரே பணிப் பாதுகாப்பு நிபுணர்.

தேசியப் பூங்காச் சேவையின் பொறுப்பில் நானூற்று முப்பதுக்கும் மேற்பட்ட இடங்கள் உள்ளன. அவற்றுள் 63 இடங்கள் மட்டுமே 'தேசியப் பூங்கா' என்ற பெயரைத் தாங்கியவை. ஏனையவை நினைவுச் சின்னங்கள், போர்க்களங்கள், கடற்கரைகள் போன்றவை. ஏறத்தாழ 3.4 கோடி ஹெக்டேர் பரப்பில் விரிந்து கிடக்கும் இவ்விடங்களில் பணிபுரிவோர் என்றதும் அகன்ற விளிம்புத் தொப்பி அணிந்த ரேஞ்சர்களே பலருக்கும் நினைவுக்கு வருவர். ஆனால் பெரிய பூங்கா ஒன்று, தனித்து நிற்கும் ஒரு சிற்றூரைப் போலக் குடிநீர்ச் சுத்திகரிப்பு, கழிவுநீர் அகற்றம், மின்பழுது, சாலைப் பராமரிப்பு, குப்பை அள்ளுதல், தீயணைப்பு, மலைமீட்பு ஆகிய அனைத்தையும் தானே நடத்திக்கொள்ள வேண்டியிருப்பதால், பிளம்பர், கொத்தனார், தச்சர், வண்டியோட்டி, கோவேறு கழுதை ஓட்டுபவர், உயிரியலாளர், முக்குளிப்பவர் எனப் பல தொழிலாளர் அங்கே ஒரே நிர்வாகத்தின்கீழ் வேலை செய்கின்றனர்.

அபராதம் விதிக்க இயலாத சட்டம்

அமெரிக்காவில் தொழிலிடப் பாதுகாப்பை முறைப்படுத்திய அடிப்படைச் சட்டம் 1970இல் இயற்றப்பட்டது. அதைச் செயல்படுத்த 'ஓஷா' என்று சுருக்கமாக அழைக்கப்படும் தொழிற்பாதுகாப்பு மற்றும் சுகாதார நிர்வாகம் அமைக்கப்பட்டது. அரசுத் துறைகளும் தத்தம் ஊழியருக்கான பாதுகாப்புத் திட்டத்தை வகுத்து நடத்த வேண்டும் என்று அச்சட்டமே கூறினாலும், 1980இல் அதிபர் ஜிம்மி கார்ட்டர் பிறப்பித்த ஆணையே அக்கடமைக்குத் தெளிவான வடிவம் தந்தது. எனினும் தனியார் நிறுவனத்துக்கும் அரசுத் துறைக்கும் இடையே ஒரு முக்கிய வேறுபாடு நீடிக்கிறது. விதிமீறலைக் கண்டால் தனியார் முதலாளிக்கு ஓஷா அபராதம் விதிக்கலாம். பூங்காச் சேவை போன்ற அரசுத் துறைக்கு அறிவிக்கை மட்டுமே அனுப்பலாம், பண அபராதம் விதிக்க இயலாது. ஆகவே பூங்காவின் பாதுகாப்பு நிபுணர் தண்டனையைக் காட்டி வேலை வாங்கும் நிலையில் இல்லை. கண்காணிப்பாளர் எனப்படும் பூங்காத் தலைவரையும், பிரிவு மேற்பார்வையாளர்களையும், களத்தில் கருவி பிடிக்கும் தொழிலாளரையும் காரணம் சொல்லி இணங்கவைப்பதே அவர் கையிலுள்ள முதன்மையான வழி.

பெரிய பூங்காக்கள் தமக்கென ஒரு நிபுணரை வைத்துக்கொள்ள முடிகிறது. சிறியவை அண்டைப் பூங்காக்களோடு ஒருவரைப் பகிர்ந்துகொள்கின்றன. யூட்டா மாநிலத்தின் தென்கிழக்கில் ஆர்ச்சஸ், கேனியன்லேண்ட்ஸ் ஆகிய இரு தேசியப் பூங்காக்களும் ஹோவன்வீப், நேச்சுரல் பிரிட்ஜஸ் ஆகிய இரு தேசிய நினைவிடங்களும் ஒரே நிர்வாகத் தொகுப்பாக இயங்குவது போன்ற ஏற்பாடுகள் இதற்கு இடமளிக்கின்றன. பல பூங்காக்களுக்குப் பொறுப்பான ஒருவர் எந்தப் பூங்காவிலும் நாள்தோறும் இருக்க முடியாது. எனவே ஒவ்வோர் இடத்திலும் வேறு முதன்மைப் பணியைச் செய்துகொண்டே பாதுகாப்பையும் கூடுதலாகக் கவனிக்கும் ஊழியர் ஒருவர் நியமிக்கப்படுகிறார். அவருக்குப் பயிற்சி அளிப்பதும், அவர் அனுப்பும் விபத்துப் பதிவுகளைப் படித்து ஓரிடத்தில் நேர்ந்தது மற்றோரிடத்திலும் நேரக்கூடுமா என்று கணிப்பதும் நிபுணரின் வேலை. ஒரு பூங்காவில் கழன்ற ஏணிப்படி ஒருவரைக் கீழே தள்ளிய செய்தி, மறுவாரமே நூறு மைலுக்கு அப்பாலுள்ள பூங்காவின் கிடங்கில் உள்ள ஏணிகளைச் சோதிக்கவைப்பதில்தான் பல பூங்காக்களுக்கு ஒருவர் இருப்பதன் பயன் வெளிப்படுகிறது.

ஐந்து படிகள்

பாதுகாப்புத் துறையினர் அனைவரும் பின்பற்றும் அடிப்படைக் கருத்து 'கட்டுப்பாட்டுப் படிநிலை' எனப்படுகிறது. ஆபத்தை எதிர்கொள்ளும் வழிகளை அவற்றின் நம்பகத்தன்மைக்கேற்ப ஐந்து படிகளாக அது வரிசைப்படுத்துகிறது. ஆபத்தை அடியோடு அகற்றுவது முதற்படி. அதற்குப் பதிலாகத் தீங்கு குறைந்த ஒன்றைக் கையாள்வது இரண்டாம் படி. வேலி, மூடி, காற்றோட்டக் குழாய் போன்றவற்றால் மனிதரை ஆபத்திலிருந்து பிரித்துவைக்கும் பொறியியல் ஏற்பாடு மூன்றாம் படி. பணிநேரத்தை மாற்றுதல், பயிற்சி அளித்தல், எச்சரிக்கைப் பலகை வைத்தல் முதலிய நிர்வாக ஏற்பாடு நான்காம் படி. தலைக்கவசம், கையுறை, முகமூடி போன்ற தற்காப்புச் சாதனங்கள் கடைசிப் படி. கீழே இறங்க இறங்க, பாதுகாப்பு மனிதரின் கவனத்தையும் பழக்கத்தையும் மேன்மேலும் நம்பியிருக்க வேண்டியிருப்பதால், கடைசிப் படியே எளிதில் கைக்கு எட்டுவதாகவும் எளிதில் கைவிடுவதாகவும் இருக்கிறது.

யெல்லோஸ்டோன் பூங்காவின் மேற்கு நுழைவாயிலில் நடந்தது இதற்குச் சிறந்த சான்று. குளிர்காலத்தில் ஸ்னோமொபைல் எனப்படும் பனி வண்டிகளில் வந்த பார்வையாளர்கள், நுழைவுக் கட்டணம் செலுத்துவதற்காக எஞ்சினை ஓடவிட்டபடி சாவடியின் முன் வரிசையில் நின்றனர். அக்காலத்து வண்டிகளில் பெரும்பாலானவை, பெட்ரோலோடு எண்ணெயைக் கலந்து எரித்து அதில் ஒரு பகுதியை எரியாமலேயே வெளித்தள்ளும் இரு வீச்சு எஞ்சின் கொண்டவை. காற்றசைவற்ற கடுங்குளிரில் புகை மேலெழாமல் தரையை ஒட்டியே தேங்கியது. பணம் வாங்குவதற்காகச் சாவடியின் சன்னலைத் திறந்துவைத்திருந்த ஊழியர் கார்பன் மோனாக்சைடையும் பென்சீன் முதலிய நச்சுப்பொருள்களையும் பணிநேரம் முழுவதும் சுவாசித்தனர். தலைவலியும் குமட்டலும் அவர்களிடையே வாடிக்கையாயின. சாவடிக்குள் தூய காற்றைச் செலுத்தும் ஏற்பாடு செய்யப்பட்டது. அதுவும் போதாமல், 2002ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் ரேஞ்சர்களுக்குச் சுவாச முகமூடிகள் வழங்கப்பட்டன. நாட்டின் முதல் தேசியப் பூங்காவின் வாயிலில் முகமூடி அணிந்த ரேஞ்சர் நின்ற காட்சி செய்தித்தாள்களில் பெரிதாகப் பேசப்பட்டது.

படிநிலையில் வைத்துப் பார்த்தால், காற்றுக்குழாய் மூன்றாம் படி, முகமூடி ஐந்தாம் படி. இரண்டுமே புகையை உண்டாக்கும் மூலத்தைத் தொடவில்லை. நீண்ட வழக்குகளுக்கும் அரசியல் வாதங்களுக்கும் இடையே, 2004 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் நாள்தோறும் நுழையும் வண்டிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதித்து, ஒலியும் புகையும் குறைந்த நான்கு வீச்சு வண்டிகளையே பெரும்பாலும் அனுமதித்து, வழிகாட்டியோடுதான் வர வேண்டும் என்றும் வகுத்த பின்னரே வாயிலின் காற்று குறிப்பிடத்தக்க அளவு தூய்மையடைந்தது. பனி வண்டி இயற்கையின் பகுதியன்று. அதை மாற்றுவதால் பூங்காவுக்கு எந்தக் குறையும் நேரவில்லை. எனினும் மேற்படியில் எடுக்க வேண்டிய அந்த முடிவு பாதுகாப்பு நிபுணரின் அதிகாரத்துக்கு அப்பாற்பட்டதாக இருந்ததால், கீழ்ப்படியில் உள்ள முகமூடியோடு ஊழியர் காத்திருக்க நேர்ந்தது.

மாற்றக் கூடாதவை

ஆபத்து இயற்கையின் கூறாகவே இருக்கும்போது முதலிரு படிகளும் பெரும்பாலும் அடைபட்டுவிடுகின்றன. கென்டக்கி மாநிலத்தின் மேமத் குகை, இதுவரை அளக்கப்பட்ட குகைகளுள் உலகிலேயே மிக நீளமானது. பாறையிலுள்ள யுரேனியம் சிதைந்து உண்டாகும் ரேடான் என்னும் நிறமும் மணமும் அற்ற கதிரியக்க வாயு இத்தகைய குகைகளில் தேங்குகிறது. சில மணி நேரம் சுற்றிப்பார்த்துத் திரும்பும் பயணிக்கு இதனால் பொருட்படுத்தத்தக்க தீங்கு இல்லை. ஆண்டுக்கணக்கில் நாள்தோறும் உள்ளே சென்று வரும் வழிகாட்டிக்கோ நுரையீரல் புற்றுநோய்க்கான வாய்ப்பு கூடுகிறது. சுரங்கமாயின் பெரிய விசிறிகளால் காற்றை உள்ளே செலுத்தி இதைத் தீர்த்துவிடலாம். குகையிலோ வெளிக்காற்றைப் புகுத்தினால் ஈரப்பதமும் வெப்பநிலையும் மாறி, சுண்ணப்பாறை வடிவங்களும் வௌவால் முதலிய உயிர்களும் பாதிக்கப்படும். எனவே 1970களில் ரேடானை அளக்கத் தொடங்கியதிலிருந்து, ஒவ்வோர் ஊழியரும் நிலத்தடியில் கழித்த நேரத்தைக் கணக்கிட்டு அதற்கு வரம்பு வகுக்கும் நிர்வாக ஏற்பாடே முதன்மையான காப்பாக இருந்துவருகிறது.

மான்டானா மாநிலத்தின் கிளேசியர் பூங்காவில், ஏறத்தாழ 80 கிலோமீட்டர் நீளமுள்ள 'கோயிங் டு த சன்' மலைச்சாலையை வசந்த காலந்தோறும் பனியகற்றித் திறப்பது மற்றொரு சான்று. மேலே சரிவுகளில் குவிந்திருக்கும் பனி, வெயில் ஏறியதும் சரியக்கூடும். 1953 மே மாதத்தில் அவ்வாறு சரிந்த பனியில் சாலைத் தொழிலாளர் இருவர் மாண்டனர். சரிவைத் தடுக்க மலையையே மாற்றியமைக்க முடியாது. அதனால் பனிச்சரிவு வல்லுநர்கள் வானிலையையும் பனியடுக்குகளின் பிடிப்பையும் ஆராய்ந்து தரும் கணிப்பைப் பார்த்த பின்னரே எந்திரங்கள் மேலே செல்கின்றன. கணிப்பு பாதகமாக இருந்தால் அன்றைய வேலை நிறுத்தப்படுகிறது. சாலை எப்போது திறக்கும் என்று உள்ளூர் வணிகர்களும் பயணிகளும் ஆண்டுதோறும் நெருக்கும்போது, திறப்புத் தேதியை முன்கூட்டி உறுதிசெய்யாமல் இருப்பதே ஒரு பாதுகாப்பு நடவடிக்கையாகிவிடுகிறது. ஹவாய் எரிமலைப் பூங்காவில் கந்தக டைஆக்சைடின் அளவைக் கருவிகள் இடைவிடாமல் அளந்து காட்டுகின்றன. அங்கே 2018 மே மாதத்தில் கீலவேயா எரிமலையின் உச்சி வெடித்துச் சரியத் தொடங்கியபோது, பூங்காவின் பெரும்பகுதியைச் செப்டம்பர் வரை மூடிவைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. கலிஃபோர்னியாவின் டெத் வேலியில் 1913 ஜூலை 10 அன்று 56.7 பாகை செல்சியஸ் வெப்பம் பதிவானது. அத்தகைய இடத்தில் புதிதாக வேலைக்குச் சேர்பவரை, வெயிலில் முதல் நாள் ஐந்தில் ஒரு பங்கு நேரம் மட்டுமே நிறுத்தி, நாளுக்கு நாள் அதைச் சிறிது சிறிதாகக் கூட்டி உடலைப் பழக்குவது தொழிற்சுகாதார வல்லுநர்களின் பரிந்துரை.

ஆயினும் இயற்கையின் ஆபத்தோடு மனிதர் உண்டாக்கிய ஆபத்து பின்னிக் கிடப்பதையும் பிரித்தறிய வேண்டியிருக்கிறது. யெல்லோஸ்டோனில் 1931 முதல் 1969 வரை ஆண்டுக்குச் சராசரியாக 48 பேர் கரடிகளால் காயமுற்றனர். கரடிகளை மனிதரிடம் இழுத்துவந்தவை திறந்தவெளிக் குப்பைமேடுகளும் பயணிகள் நீட்டிய தின்பண்டங்களுமே என்பதை உணர்ந்து, 1970வாக்கில் குப்பைமேடுகளை மூடி, கரடியால் திறக்க முடியாத குப்பைத்தொட்டிகளை நிறுவி, உணவளிப்பதைக் கண்டிப்புடன் தடுத்த பின்னர், பிற்காலத்தில் ஆண்டுக்கு ஒருவர் என்ற அளவை ஒட்டி அவ்வெண்ணிக்கை சரிந்தது. கரடியை அகற்றாமலே, கரடியும் மனிதரும் மோதுவதற்கான காரணத்தை அகற்ற முடிந்தது.

எலியும் பூட்டும்

பூங்காக்களில் நோய்க்கிருமிகளும் பணியிட ஆபத்துகளுள் அடங்கும். கிராண்ட் கேனியன் பூங்காவில் 2007இல், இறந்து கிடந்த மலைச்சிங்கம் ஒன்றை எடுத்துவந்து உரிய தற்காப்பின்றி அறுத்து ஆராய்ந்த உயிரியலாளர் ஒருவர், அதிலிருந்து தொற்றிய நுரையீரல் பிளேக் நோயால் சில நாள்களில் இறந்தார்; அதன் பின்னர் காட்டுயிர்களைக் கையாள்வதற்கான பாதுகாப்பு நெறிகள் விரிவாக வகுக்கப்பட்டன. யோசமிட்டிப் பூங்காவில் 2012ஆம் ஆண்டுக் கோடையில் பார்வையாளர் பத்துப் பேரை ஹன்டா வைரஸ் தாக்கியது; மூவர் உயிரிழந்தனர். மான் எலிகளின் சிறுநீரிலும் எச்சத்திலும் இருந்து தூசியோடு கலந்து பரவும் இந்த வைரஸ், அங்கிருந்த கூடார அறைகளின் இரட்டைச் சுவருக்கு நடுவே குளிர்த்தடுப்புக்காக வைத்த பொருளில் எலிகள் கூடு கட்டியதால் மனிதரை எட்டியது. எச்சரிக்கைப் பலகையோடு நில்லாமல், எலி குடிபுக இடம் தந்த அந்த வகை அறைகளையே கலைத்துவிட்டது நிர்வாகம். பூங்கா முழுதும் வாழும் எலிகளை ஒழிக்க இயலாது, ஒழிக்கவும் கூடாது. சுவரின் இடைவெளியை ஒழிக்க முடிந்தது. குளிர்காலம் முழுவதும் பூட்டிக் கிடந்த அறையைத் திறக்கும் துப்புரவுத் தொழிலாளர், முதலில் கதவு சன்னல்களை அரை மணி நேரம் திறந்துவைத்து, எலியெச்சத்தைத் துடைப்பத்தால் பெருக்காமல், பிளீச்சிங் கரைசலால் நனைத்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்தெடுக்க வேண்டும் என்பது இன்று நிலையான நடைமுறை. உலர்ந்த தரையில் துடைப்பம் எழுப்பும் தூசியே நோயை ஏந்திச் செல்லும் என்பதை அறியாதவருக்கு, பெருக்குவதைவிட இயல்பான வேலை வேறில்லை.

எனினும் பெரும்பாலான காயங்களுக்குக் கரடியோ எரிமலையோ எலியோ காரணமன்று. வழுக்கி விழுதல், பாரம் தூக்கி முதுகு பிடித்துக்கொள்ளுதல், வாகன விபத்து, கருவியால் வெட்டுப்படுதல் ஆகியவையே எங்குமுள்ள தொழிலிடங்களைப் போலப் பூங்காக்களிலும் மிகுதி. சிறிய பழுது எவ்வளவு பெரிய தீங்கை விளைவிக்கும் என்பதற்கு ஆர்ச்சஸ் பூங்காவில் 2020 ஜூனில் நேர்ந்த துயரம் சான்றாகிறது. பூட்டிப் பிணைக்காமல் விடப்பட்டிருந்த இரும்புச் சாலைக்கதவு ஒன்று காற்றில் சுழன்று, வந்துகொண்டிருந்த காரைத் துளைத்ததில் உள்ளே இருந்த இளம்பெண் ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்கு ஒரு கோடி டாலருக்கும் மிகுதியான இழப்பீட்டை அரசு வழங்க வேண்டும் என்று 2023இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சில டாலர் விலையுள்ள ஒரு பூட்டு அதைத் தடுத்திருக்கும். நுழைவாயிலைக் கடந்துபோகும் ஊழியருக்கு நாள்தோறும் பழகிப்போன பொருளாகிவிட்ட கதவை, வெளியிலிருந்து வந்து புதிய கண்ணோடு பார்ப்பவர் தேவைப்படுவதும் இதனாலேயே.

உதவி எட்டாத தொலைவு

நகரத் தொழிலிடத்தில் எலும்பு முறிந்தவர் சில நிமிடங்களில் மருத்துவமனையை அடையலாம். பூங்காவில் அதே காயம் உயிரைப் பறிக்கலாம். ஒலிம்பிக் தேசியப் பூங்காவைச் சேர்ந்த 18 வயதுத் தீயணைப்பாளர் ஒருவர், 2008 ஜூலையில் வடக்குக் கலிஃபோர்னியாவின் ஷாஸ்டா-டிரினிட்டி தேசிய வனத்தில் காட்டுத்தீப் பணிக்குச் சென்றிருந்தபோது, வெட்டப்பட்ட மரத்தால் தாக்குண்டார். அடர்ந்த புகையில் ஹெலிகாப்டர் இறங்கத் தடை, காயத்தின் தன்மையைக் குறித்த குழப்பமான வானொலிச் செய்திகள், யார் முடிவெடுப்பது என்ற தெளிவின்மை ஆகியவற்றால் மூன்று மணி நேரத்துக்கும் மேல் கழிந்து, மருத்துவமனையை அடையுமுன்பே குருதியிழப்பால் அவர் இறந்தார். அதன் விளைவாக, காயமுற்றவரின் நிலை, இருக்குமிடம், கொண்டுசெல்லும் வழி ஆகியவற்றை ஒரே வரிசையில் தெரிவிக்கும் மருத்துவ அறிக்கை முறை நாடெங்கும் காட்டுத்தீப் பணியில் புகுத்தப்பட்டது. இன்று ஒரு குழு மரம் வெட்டப் புறப்படுமுன், அதில் ஒருவர் விழுந்தால் எந்த வழியே, எதில், எவ்வளவு நேரத்தில் வெளியே கொண்டுசெல்வது என்பதற்கு விடை வைத்திருக்க வேண்டும். விடை இல்லையேல் வேலையைத் தொடங்குவதே முறையன்று.

இத்தகைய முன்யோசனையைப் பழக்கமாக்குவதற்குப் பூங்காச் சேவை, அமெரிக்கக் கடலோரக் காவல் படையிடமிருந்து எளிய மதிப்பீட்டு முறையொன்றைக் கடன் வாங்கியது. பச்சை, மஞ்சள், சிவப்பு என்னும் வண்ணங்களால் அறியப்படும் இம்முறையின் மூல வடிவில், மேற்பார்வை, திட்டமிடல், குழுவினரின் தேர்வு, அவர்களின் உடல்நிலை, சுற்றுச்சூழல், பணியின் சிக்கல் ஆகிய ஆறு கூறுகளுக்கும் ஒவ்வொருவரும் ஆபத்தின் அளவுக்கேற்பச் சுழியத்திலிருந்து பத்துவரை மதிப்பெண் இடுகின்றனர். மொத்தம் 23 வரை பச்சை, 24 முதல் 44 வரை மஞ்சள், அதற்கு மேல் 60 வரை சிவப்பு. கூட்டுத்தொகையைவிட மதிப்பெண்களில் தோன்றும் வேறுபாடே மிகுந்த பயன் தருகிறது. குழுவினரின் உடல்நிலைக்குத் தலைவர் இரண்டு இட, புதிதாக வந்தவர் எட்டு இட்டால், தலைவர் அறியாத ஒன்றை அந்தப் புதியவர் அறிந்திருக்கிறார்; முந்தைய இரவு மீட்புப் பணியில் இருவர் உறங்கவே இல்லை என்ற செய்தி, கேள்வி கேட்கப்பட்டபோதுதான் வெளிவரும்.

பாதுகாப்பு நிபுணர் எதிர்கொள்ளும் மிகக் கடினமான தடையும் இங்கேதான் இருக்கிறது. மீட்புப் பணியிலும் தீயணைப்பிலும் ஈடுபடுவோர் துணிவைப் பெருமையாகக் கருதுபவர். நேர்ந்திருக்கக்கூடிய விபத்து மயிரிழையில் தப்பியதை மேலதிகாரியிடம் அறிவிப்பது கோழைத்தனமாகவோ தன் திறமைக்குறைவை ஒப்புக்கொள்வதாகவோ அவர்களுக்குத் தோன்றலாம். கோடைதோறும் ஆயிரக்கணக்கில் சேரும் பருவகாலத் தொழிலாளரோ, அடுத்த ஆண்டும் வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலையால் வாய் திறக்கத் தயங்கலாம். இதனால் காயப் பதிவேட்டில் எண்கள் குறைந்திருப்பது மட்டுமே பாதுகாப்புக்கு அடையாளமாகிவிடாது. தப்பிய விபத்துகள் பற்றிய அறிக்கைகள் பெருகும் பூங்கா, ஒன்றுமே பதிவாகாத பூங்காவைவிட நல்ல நிலையில் இருக்கக்கூடும்.

பல பூங்காக்களைச் சுற்றிவரும் நிபுணரின் திறமை, கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் ஆபத்துக்கும் உண்மையில் ஊழியரை வீழ்த்தும் ஆபத்துக்கும் உள்ள வேறுபாட்டை இடத்துக்கு இடம் கண்டறிவதில் அடங்கியிருக்கிறது. மலையும் குகையும் விலங்கும் உண்டாக்கும் ஆபத்தை ஏற்றுக்கொண்டு மனிதரின் நேரத்தையும் தொலைவையும் திட்டத்தையும் மாற்றியமைப்பதும், கதவும் புகையும் குப்பையும் பழுதான கருவியும் உண்டாக்கும் ஆபத்தைச் சிறிதும் ஏற்றுக்கொள்ளாமல் மூலத்திலேயே களைவதும் இப்பணியின் இரு கடமைகள். காடென்றால் ஆபத்து இருக்கத்தான் செய்யும் என்ற பேச்சு முதல்வகைக்குப் பொருந்தும். அதையே இரண்டாம் வகைக்கும் சமாதானமாகச் சொல்லிவிட இடங்கொடாமல் இருப்பதற்காகவே பூங்காக்களுக்கு இத்தகைய நிபுணர்கள் தேவைப்படுகின்றனர்.